பத்தியத் தீனியைத் தொடாத நாய்

கோலார் தங்கவயலின் நந்திதுர்க்கிலும் அதைச் சூழ்ந்த சுரங்கத் தொழிலாளர் லைன்களிலும் நாய் வளர்க்காத வீடு அபூர்வம். 2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், பிழைப்பை நாடி விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்பும் பிள்ளைகளைப் பெற்ற முதியோருக்கு, பகல் முழுவதும் வாசற்படியில் படுத்துத் துணையிருக்கும் ஜீவன் அதுதான். ஆகவே இங்கே நாயின்மேல் பிரியம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அப்படியிருந்தும், நீரிழிவு கண்ட நாய்கள் கால்நடை மருத்துவரான என்னிடம் வந்து சேரும் நிலையைக் காணும்போது மனம் மிகவும் வேதனைப்படுகிறது. சில நாய்கள் இரு கண்களும் வெளுத்துப் பார்வை போன பிறகு வருகின்றன. வேறு சில, நோய் இன்னதென்று முன்பே தெரிந்து, ஊசியும் சிறப்புத் தீனியும் எழுதித் தரப்பட்டு, தீனியை நாய் தொடவில்லை என்ற ஒரே காரணத்தால் ஊசியையும் நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று நாள் வாந்திக்குப் பிறகு துவண்டு தூக்கிவரப்படுகின்றன. இந்த இரண்டாவது வகை முற்றிலும் தடுக்கக்கூடியது என்பதால்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

தீனி மறுப்பு எதனால்?

பெங்களூரிலிருந்து ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிவந்த மூட்டையைப் பிரித்துத் தட்டில் கொட்டியதும், பத்து வருஷமாகப் பாலும் பன்னும் குழம்புச் சோறும் தின்று பழகிய வெள்ளைச் சடை நாய் அதை ஒருமுறை முகர்ந்து பார்த்து, ஓர் உருண்டையை மட்டும் வாயில் கவ்வித் தரையில் போட்டுவிட்டு, சமையலறையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. வீட்டிலுள்ள பாட்டி அரை மணி பொறுத்துப் பார்த்துவிட்டு, மனம் கேளாமல் டீயில் நனைத்த பன்னைக் கொண்டுவந்து வைக்கிறார். மறுவேளையிலிருந்து அந்த நாய் பன்னுக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொள்கிறது. இதில் பாட்டியின்மீதும் குற்றமில்லை, நாயின்மீதும் குற்றமில்லை. இத்தகைய தீனிகளில் நார்ச்சத்து அதிகமாகவும் கொழுப்பு குறைவாகவும் இருப்பதனால் ருசி சற்று மட்டுப்பட்டே இருக்கும்; அதை ஒரே நாளில் முழுமையாக மாற்றியதுதான் பிசகு.

பழைய உணவில் ஒரு பிடி புதியதைக் கலந்து, ஒரு வாரம் பத்து நாட்களில் படிப்படியாக அளவைக் கூட்டி, வெதுவெதுப்பான நீரிலோ, உப்பும் மசாலாவும் சேராத தோல் நீக்கிய கோழி வேகவைத்த நீரிலோ நனைத்துக் கொடுத்தால் பெரும்பாலான நாய்கள் இணங்கிவிடும். அதற்கும் இணங்காத நாயைப் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரலாம் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். சுகதேகியான நாய் ஒருநாள் உண்ணாவிட்டாலும் தாங்கும். இன்சுலின் போட்டுக்கொள்ளும் நாய் தாங்காது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நேற்றுவரை ஆவலோடு தின்ற நாய் இன்று எதையுமே தொடவில்லை என்றால், அது ருசியின் பிணக்கு அல்ல. பல் சீழ், கணைய அழற்சி, இரத்தத்தில் அமிலம் சேர்தல் ஆகிய ஏதேனும் ஒன்று உள்ளே நடந்துகொண்டிருக்கலாம். உண்ண மறுப்பதோடு வாந்தியும் சோர்வும் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனை; நிலை மோசமென்றால் பெங்களூரு ஹெப்பாளத்திலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கே கொண்டுபோய்விடுவது நல்லது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற இராத் தாமதமே பல உயிர்களைக் கொண்டுபோயிருக்கிறது.

மூட்டையில் மந்திரமில்லை

சிறப்புத் தீனி நல்லதே. நாய் தின்றால் மிகவும் நல்லது. ஆனால் நாயின் நீரிழிவில் உயிரைக் காப்பது இன்சுலின். அந்த இன்சுலினுக்கு ஈடுகொடுப்பது, தினமும் ஒரே வகையான உணவு, ஒரே அளவில், ஒரே நேரத்தில் வயிற்றுக்குள் போவது. எவ்வளவு உயர்ந்த தீனியானாலும் தட்டிலேயே கிடந்தால் அதனால் பயன் ஒன்றுமில்லை. நாய் விரும்பி உண்ணும் சாதாரணமான சமச்சீர் உணவையே, வேளை தவறாமல், அளவு மாறாமல் கொடுத்து, அதற்கேற்ப ஊசியின் அளவை மருத்துவர் நிர்ணயிக்கும்படி செய்தால் அந்த நாய் வருஷக்கணக்கில் சௌக்கியமாக வாழும். ஏற்கெனவே எலும்பு தெரிய இளைத்துவிட்ட நாய்க்கு, உடம்பைக் குறைப்பதற்கென்று செய்யப்பட்ட நார் மிகுந்த தீனி பொருந்தவே பொருந்தாது. அதற்கு வேண்டியது இழந்த சதையைத் திரும்பப் பெறும் போஷாக்கு.

வீட்டிலேயே சமைப்பதானால், கொழுப்பு நீக்கிய கோழியோ முட்டையோ, அளந்து போட்ட சோறு, வேகவைத்த பீன்ஸோ பூசணியோ என்று ஒரு திட்டத்தை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சோறும் கறியும் மட்டுமே நெடுநாள் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து குறைந்துபோகும். அதற்கு என்ன சேர்ப்பது, எவ்வளவு சேர்ப்பது என்பதையும் அவரே சொல்ல வேண்டும். அளப்பதற்கு ஒரு டம்ளரை ஒதுக்கி வைத்து, அதையே என்றும் உபயோகியுங்கள். கொழுப்பும் எண்ணெய்க் குழம்பும் கணையத்தைப் புண்ணாக்கும். பண்டிகை நாளிலும் வேண்டாம்.

நான் அன்றாடம் கேட்கும் நம்பிக்கைகள்

"களி கொடுத்தால் சர்க்கரை ஏறாது" என்பது இவ்வூரில் வேரூன்றிய எண்ணம். கேழ்வரகு உயர்ந்த தானியந்தான்; ஆயினும் அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்தே. அளவின்றி உருட்டிப் போட்ட களி, அளவின்றிப் போட்ட சோற்றைப் போலவே இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். வெல்லமும் தேனும் இயற்கையானவை, ஆகவே தீங்கில்லை என்பதும் இதே ஜாதியைச் சேர்ந்த பிரமை.

"அதிகமாகத் தண்ணீர் குடிப்பதால்தான் அதிகமாகச் சிறுநீர் போகிறது" என்று நினைத்து, கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள். காரணமும் காரியமும் இங்கே தலைகீழாகிவிட்டன. சர்க்கரை சிறுநீரோடு வெளியேறும்போது நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இழப்பை ஈடுசெய்யவே நாய் குடிக்கிறது. கிண்ணத்தை எடுத்துவிட்டால் அது சாக்கடையில் வாய் வைக்கும், இல்லையேல் உடல் வறண்டு சாகும்.

"எங்கள் வீட்டுப் பெரியவருக்கு எழுதிய சர்க்கரை மாத்திரையில் பாதி கொடுத்தோம்." இதைக் கேட்கும்போது எனக்குப் பொறுமை நிற்பதில்லை. நாய்களுக்கு வரும் நீரிழிவில், பெரும்பாலும் இன்சுலினைச் சுரக்கும் அணுக்களே அழிந்துபோயிருக்கின்றன. மிச்சமிருக்கும் சுரப்பைத் தூண்டும் மாத்திரை, சுரப்பே இல்லாத கணையத்தில் எதைத் தூண்டும்? மாத்திரையை நம்பிக் கழிந்த வாரங்களில் கண்ணில் புரை விழுகிறது. அது விழுந்த பின்னர் தேனையும் மூலிகைச் சாற்றையும் கண்ணில் பிழிகிறார்கள். புரை கண்ணின் மேற்புறத்தில் படியும் அழுக்கன்று. அது உள்ளே இருக்கும் வில்லையின் மாற்றம். எந்தச் சாறும் அதை அடையாது.

பாகற்காய்ச் சாறும் வெந்தயப் பொடியும் இதே கதைதான். ஏற்கெனவே தீனியை வெறுக்கும் நாயின் வாயைப் பிளந்து கசப்பை ஊற்றினால், அதற்குப் பிறகு அது தட்டைக் கண்டாலே ஓடும். சர்க்கரை நோயாளிகளுக்கென்று விற்கும் இனிப்புகளை நாய்க்குப் போடுவது இவை எல்லாவற்றிலும் கொடிது. அவற்றில் சிலவற்றில் உள்ள சைலிட்டால் நாய்க்கு விஷம்; சர்க்கரையைத் திடீரென்று இறக்கிக் கல்லீரலையும் சிதைத்துவிடும்.

"நாய்க்குப் போய் தினம் இரண்டு ஊசியா?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். 1889இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஒரு நாயின் கணையத்தை அகற்றிப் பார்த்தபோதுதான் நீரிழிவின் பிறப்பிடம் மனிதனுக்குத் தெரியவந்தது; 1921இல் டொராண்டோவில் பான்டிங், பெஸ்ட் என்னும் ஆராய்ச்சியாளர்கள் கணையச் சாற்றைச் செலுத்திக் காப்பாற்ற முயன்றவையும் நாய்களே. அடுத்த ஜனவரியிலேயே அம்மருந்து ஒரு சிறுவனுக்குப் போடப்பட்டது. நம் வீட்டுப் பெரியவர்கள் இன்று போட்டுக்கொள்ளும் ஊசி நாய்களின் வழியாக வந்த ஔஷதம். அதை நாய்க்கு மறுப்பது எந்த விதத்திலும் நியாயமாகாது.

ஊசியும் வேளையும்

முதலில் தீனி, தின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே ஊசி. இந்த வரிசையை மாற்றலாகாது. நாய் ஒன்றுமே தின்னாத வேளையில் முழு அளவு ஊசியைப் போட்டால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். அதற்காக ஊசியை நாட்கணக்கில் நிறுத்தினாலும் ஆபத்தே. அரைகுறையாகத் தின்றால் எவ்வளவு, தின்னவே இல்லையென்றால் எவ்வளவு என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டி வையுங்கள். நாய் தள்ளாடினால், நடுங்கினால், வலிப்புக் கண்டால், சர்க்கரைப் பாகையோ குளுக்கோஸையோ ஈறில் தடவிவிட்டு உடனே கிளம்புங்கள்.

குப்பியில் 40 யூனிட் என்றிருந்தால் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 என்றிருந்தால் ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்துவிட்டால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். குப்பியைக் குலுக்காமல் உள்ளங்கையில் உருட்டுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத லைன் வீட்டில், ஈர மணலில் புதைத்த மண்பானைக்குள் நீர் படாமல் வைத்துக் காப்பாற்றலாம்.

இவ்வூருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. இரண்டு ஊசிக்கும் நடுவே 12 மணி நேரம் இருக்க வேண்டும். ஊசி போடக் கற்ற மகனோ விடியற்காலை ஐந்து மணிக்குப் போட்டுவிட்டு ரயிலேறினால் இரவு எட்டு ஒன்பதுக்குத்தான் வருகிறார். அந்த மூன்று நான்கு மணி நேர இடைவெளியில் சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறுகிறது. ஆகையால் வீட்டிலிருக்கும் தாயாரோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ மாலை ஐந்து மணித் தீனியையும் ஊசியையும் ஏற்றுக்கொள்ளட்டும். தங்களுக்குத் தாங்களே ஊசி போட்டுக்கொள்ளும் முதியவர்கள் இந்த லைன்களில் எத்தனையோ பேர். அவர்களுக்கு இது பெரிய வித்தையன்று.

ஊசியின் அளவு சரிதானா என்பதை இரத்தச் சர்க்கரை, சிறுநீர்ச் சர்க்கரை, கடந்த சில வாரங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பிரக்டோசமின் ஆகிய பரிசோதனைகளால் மருத்துவர் அறிந்துகொள்வார்.

மன்றாடிக் கேட்பவை

குட்டி போட்டது போதுமென்றால் பெட்டை நாய்க்குக் கருத்தடை அறுவை செய்துவிடுங்கள். ஒவ்வொரு பருவத்துக்குப் பிறகும் உடலில் மிகும் புரோஜெஸ்டிரான் இன்சுலினுக்கு எதிராக நிற்பதனால், கருத்தடை செய்யாத, வயது முதிர்ந்த பெட்டைகளிடமே இந்நோயை மிகுதியாகக் காண்கிறோம். நோய் வந்த பிறகாவது செய்யுங்கள். அது செய்யப்படும்வரை ஊசியின் அளவு நிலைகொள்ளாது. சொறிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் கொடுக்காதீர்கள். அரிப்பு அடங்குவதைப் பார்த்து மகிழ்கிறீர்கள், உள்ளே சர்க்கரை மூள்வதைப் பார்ப்பதில்லை. பன்னையும் பிஸ்கட்டையும் கொடுத்துக் கொடுத்து நாயைப் பருக்க வைக்காதீர்கள்.

நன்றாகத் தின்றும் இளைக்கிறதா, இரவில் எழுந்து நீர் குடிக்கிறதா, சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கிறதா என்று பாருங்கள். மொய்த்தால், யாரிடமும் கைவைத்தியம் கேட்காமல் அந்த வாரத்திலேயே அழைத்து வாருங்கள். வரும்போது, அது வழக்கமாக என்ன தின்கிறது, எந்த வேளையில் தின்கிறது, யார் கையால் தின்கிறது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். டீயும் பன்னும் என்றால் அதையே சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம், அதிலிருந்துதான் அந்த நாய்க்குரிய பத்தியத்தை நாங்கள் வகுக்க முடியும்.