வளைந்த முன்கவை: தோட்டப் பாதைகளில் ஓடும் பழைய மோட்டார்ச் சைக்கிள்களைப் பற்றிய சில குறிப்புகள்

சபரகமுவாத் தோட்டங்களிற் கடமையாற்றும் நம் பழைய மாணவர் பலருக்கு மோட்டார்ச் சைக்கிளே கால். இரத்தினபுரியிலிருந்து பெல்மதுளை வழியாக இறக்குவானை மலைகளுக்கு ஏறுவோரும், யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களுக்குச் செல்வோரும் தார் வீதி முடிந்தபின் எத்தகைய பாதையிற் போகவேண்டும் என்பதை அறிவர். மழைநீர் அரித்த பள்ளம், துருத்தி நிற்கும் கல், குறுக்கே வெட்டிய கான் ஆகிய இவற்றின் அடியையெல்லாம் முதலில் ஏற்பது முன்கவையே. கராஜ்காரர் இதனை ‘போக்’ என்பர். அது பழுதுற்றால் வண்டி நின்றுவிடாது, ஓடிக்கொண்டே இருக்கும். ஆபத்தும் அதிலேதான் இருக்கின்றது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல் அத்தடை தளர்த்தப்படும்வரை, பழைய வண்டியைப் பேணுவதைத் தவிர வேறு வழி பலருக்கு இருக்கவில்லை. 2022 இல் ரூபா வீழ்ந்தபோது உதிரிப்பாகங்களின் விலையும் ஏறியது. ஆதலால், வளைந்த குழாயை வீதியோரத்திற் காய்ச்சித் தட்டி நிமிர்த்தும் வழக்கம் பெருகிற்று. அவ்வழக்கத்தைக் கண்டிப்பதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

கவைகள் எல்லாம் ஒரே இனத்தன அல்ல. இரண்டாம் உலகப் போரிற் பிரித்தானியப் படை பெருந்தொகையாகப் பயன்படுத்திய பீ.எஸ்.ஏ. எம் 20 வண்டியில் இருந்தது சட்டக் கவை. இரும்புக் குழாய்களைப் பித்தளையாற் பற்றவைத்து, ஒரு சுருள்வில்லின் துணையோடு மேலும் கீழும் அசையுமாறு அமைத்தது அது. 1935 இல் ஜெர்மானிய பீ.எம்.டபிள்யூ. ஆர் 12 வண்டி, எண்ணெயால் அதிர்வடக்கும் குழாய்க் கவையோடு வெளிவந்தது. ஒரு குழாயினுள் மற்றொன்று புகுந்து அசையும் இம்முறையே பின்னர் எங்கும் பரவிற்று. 1948 இல் வந்த பீ.எஸ்.ஏ. பாண்டம் வண்டியிலும் குழாய்க் கவையே. ஆனால் அதில் எண்ணெய் அடக்கி இல்லை, கிறீஸ் மட்டுமே. ஜப்பானியத் தபால் சேவைக்கென ஹொண்டா செய்த எம்.டி. 90 வண்டியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. நம்மவரிடம் இன்று மிகுதியாக உள்ளது இதுவாதலின் இதனைப் பற்றியே விரிவாகக் கூறுவோம்.

வண்டி விழுந்தபின் கைபிடி கோணலாக நின்றால் உடனே குழாய் வளைந்துவிட்டது என்று முடிவு செய்தல் தகாது. பல வேளைகளில் இரு கால்களும் தத்தம் பிடிகளுக்குள் சற்றே திருகியிருக்கும், அவ்வளவே. மேற்பாலம், கீழ்ப்பாலம் எனப்படும் பிடிகளின் ஆணிகளையும் சில்லின் அச்சையும் தளர்த்தி, முன்சில்லை முழங்கால்களுக்கிடையே இறுக்கிக்கொண்டு கைபிடியை நேராக்கிப் பார்க்கவேண்டும். நேராகிவிட்டால் ஒரு சதச் செலவும் இல்லை. இதைச் செய்யாமலே புதுக் குழாய் வாங்கியவர்களை நாம் அறிவோம்.

அடுத்த சோதனைக்குத் தடித்த கண்ணாடித் துண்டொன்று போதும். அதனை இரு குழாய்களுக்கும் குறுக்கே படிய வைத்தால் ஆடாமல் நிற்கவேண்டும். ஆடினால் குழாய்கள் ஒரே தளத்தில் இல்லை என்பது பொருள். எனினும் வண்டி நேரே மோதி, இரு கால்களும் ஒரே அளவாகப் பின்னோக்கி வளைந்திருந்தால் இச்சோதனை நம்மை ஏமாற்றும். அப்போது முன்சில்லு எஞ்சினை நெருங்கி நிற்பதையும், கவை அழுத்தியபின் தயங்கித் தயங்கி மேலெழுவதையும் கவனித்தல் வேண்டும்.

ஐயம் நீங்காவிடிற் குழாயைக் கழற்றத்தான் வேண்டும். கால் பிடிக்குள் இறுகியிருக்கும்போதே மேல்மூடியைச் சற்றுத் தளர்த்திக்கொள்வது நன்று. கழற்றியபின் அதைத் திருகப் பிடிமானம் இராது. மூடியின் கீழே வில் அழுந்தியிருப்பதால் இறுதிப் புரிகளைத் திருகும்போது முகத்தை விலக்கிக்கொள்ளுதல் அவசியம். கழற்றிய குழாயைத் துடைத்து, ‘வீ’ வடிவக் கட்டைகள் இரண்டின்மேல் வைத்துச் சுழற்றி, முள் அளவுகருவியால் அளக்கவேண்டும். ஹொண்டாவின் பல கைந்நூல்கள் 0.2 மில்லிமீற்றரை எல்லையாகக் கூறுகின்றன. சுழற்சியில் முள் காட்டும் மொத்த அசைவு உண்மையான விலகலின் இருமடங்கு என்பதை மறத்தலாகாது. கருவி இல்லாதவர் கண்ணாடிமேல் உருட்டி, அடியில் ஒளி தெரிகின்றதா எனப் பார்க்கலாம்.

வளைவு பெரும்பாலும் கீழ்ப்பாலத்தை ஒட்டியே காணப்படும். அவ்விடத்திற் குழாய் நசுங்கியோ மடிந்தோ இருப்பின், நிமிர்த்தும் எண்ணத்தையே விடுக. வட்டம் கெடாமல் மெல்ல வளைந்ததாயின், ஐதரோலிக் அழுத்தப்பொறியிற் குளிர்ந்த நிலையிலேயே நிமிர்த்தலாம். இருபுறமும் மரக்கட்டையால் தாங்கி, வளைவின் உச்சியில் அழுத்தவேண்டும். உருக்கு ஓரளவு மீளும் இயல்புடையதாதலின் நேர்நிலையைச் சற்றே தாண்ட அழுத்தி, விட்டு, அளந்து, மீண்டும் அழுத்தவேண்டும். பொறுமையுள்ள கடைச்சற்காரருக்கு இது அரைநாள் வேலை.

நெருப்பைக் காட்டுவதோ முற்றிலும் தகாதது. சூடு குழாயின் உறுதியைக் கெடுக்கும். குரோமியப் பூச்சையும் உரிக்கும். வெளிக்கு நேராய்த் தோன்றும் அக்குழாய், பாரத்தோடு இறக்கத்தில் இறங்கும்போது முன்பிறேக்கின் இழுப்பிற்கு மீண்டும் வளையும். அந்தச் சில்லின் பின்னே ஒரு மனிதன் இருக்கின்றான். பல வேளைகளிற் பிள்ளையும் இருக்கின்றது. ஒருமுறை நிமிர்த்திய குழாய் மறுபடி வளைந்தால் அதையும் எறிந்துவிடுவதே நம் கொள்கை. பாலத்தில் வெடிப்பு உண்டா என்று பார்க்க மண்ணெண்ணெய் பூசிச் சிறிது நேரம் விட்டு, நன்கு துடைத்துச் சோக்குத் தூள் தூவினால் வெடிப்பிற் புகுந்த எண்ணெய் கோடாக வெளிப்படும். வார்ப்பு அலுமினியப் பாலம் வெடித்திருந்தால் மாற்றுக.

இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. ஆகவே வளைவைவிடத் துருவே அங்கு பெரும் பகை. குரோமியத்திற் புள்ளி புள்ளியாகத் துரு அரித்தால், அப்பள்ளங்களின் விளிம்பு எண்ணெய்த் தடுப்பு வளையத்தைக் கிழிக்கும். வளையத்தை மட்டும் மாற்றினால் சிறிது காலத்தில் மீண்டும் ஒழுகும். ஒழுகும் எண்ணெய் பிறேக்கை அடைந்தால் வேறு கதை. சிறு புள்ளிகளை நுண்ணிய சாணைக்கல்லால் தேய்த்து மழுக்கலாம். பள்ளம் ஆழமாயின் குழாயைக் கடைந்து மீண்டும் கடின குரோமியம் பூசுவிக்கலாம், அன்றிப் புதியது வாங்கலாம். வாங்குவோர் பழைய குழாயைக் கையிற் கொண்டுசென்று விட்டமும் நீளமும் ஒப்பிட்டே வாங்குக. பெயரொன்றாயினும் ஆண்டுக்கு ஆண்டு அளவு மாறும்.

பூட்டும்போது வளையத்தின் உதட்டிற் கிறீஸ் தடவி, குழாயின் நுனியில் மெல்லிய பொலித்தீன் சுற்றி இறக்கினால் உதடு கிழியாது. இரு கால்களிலும் கைந்நூல் கூறும் அளவு எண்ணெயை அளவுக்குவளையால் அளந்தே ஊற்றவேண்டும். ஒன்றிற் கூடி மற்றதிற் குறைந்தாற் கவை இரு பக்கமும் ஒத்து இயங்காது. சில்லைப் பூட்டியதும் அச்சின் பிடியாணியை உடனே இறுக்காமல், முன்பிறேக்கைப் பிடித்தபடி கைபிடியை நாலைந்து தரம் அழுத்தி விட்டால் இரு கால்களும் தாமே தம் இடத்தில் அமையும். அதன்பின்னரே பிடியாணியை இறுக்குதல் முறை.

இத்தனைக்கும் பிறகு வண்டி ஒரு பக்கம் இழுத்தால், கவையை விட்டு உடற்சட்டத்தின் கழுத்தைப் பார்க்கவேண்டும். பின்சில்லின் இரு பக்கமும் நூல் பிடித்து முன்சில்லுவரை நீட்டினால் கோணல் தெரிந்துவிடும். இரு ரயர்களின் அகல வேறுபாட்டை மட்டும் கழித்துக்கொள்க. எல்லாம் சரியாயின், முதலில் சமதரையில் மெல்ல ஓட்டிப் பார்த்து, நூறு கிலோமீற்றர் ஓடியபின் பாலத்து ஆணிகளை மறுபடியும் இறுக்கிக்கொள்க.