தூக்கத்தை அளக்கும் கம்ப்யூட்டர்

"நேற்று இரவு நான் இரண்டு மணி நேரம் ஆழ்ந்து தூங்கினேன் என்று இந்த வாட்ச் சொல்கிறதே, நம்பலாமா?" என்று தருமபுரத்தில் எங்கள் தெருக்காரர் ஒருவர் கேட்டார். காரைக்கால் துறைமுகத்திலிருந்து இரவில் நிலக்கரி லாரி ஓட்டுபவர். குறட்டை உண்டு, பகலில் கண் சொக்குவதும் உண்டு. எனவே இது சாதாரணக் கேள்வி அல்ல. பதில் தெரிய, தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் கம்ப்யூட்டர் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

இந்தச் சோதனைக்குப் பெயர் பாலிசாம்னோகிராஃபி. தலையில் ஒட்டப்படும் எலெக்ட்ரோடுகள் மூளையின் மின் அலைகளைப் பிடிக்கின்றன. கண் அசைவு, தாடைத் தசை, மூச்சு, ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் ஆகியவற்றுக்கும் தனித்தனி சென்சார்கள் உண்டு. மைக்கில் பேசும்போது சவுண்ட் கார்டு ஒலியை எண்களாக மாற்றுகிறது அல்லவா? அதே வேலைதான் இங்கும் நடக்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு சென்சாரை வினாடிக்கு 200 முறை அளந்தால், 8 மணி நேரத்தில் 57,60,000 எண்கள் சேரும். எண்ணுக்கு 2 பைட் வீதம் சுமார் 11 எம்.பி. ஆகும். 20 சென்சார்களுக்கு 220 எம்.பி. போதும். கம்ப்யூட்டர் வருமுன் இவை பேப்பரில் பதிவாயின. வினாடிக்கு 1 செ.மீ. ஓடினால் ஓர் இரவுக்கு 288 மீட்டர் பேப்பர்! அதில் 30 செ.மீ. பக்கம் ஒன்றில் 30 வினாடி அடங்கும். இன்றும் சாஃப்ட்வேர் இரவை 30 வினாடித் துண்டுகளாகத்தான் பிரிக்கிறது. 8 மணி நேரத்துக்கு 960 துண்டுகள்.

ஒவ்வொரு துண்டும் எந்த வகைத் தூக்கம் என்று குறிக்கப்படும். ஆழ்ந்த தூக்கத்தில் பெரிய, மெதுவான அலைகள் தெரியும். கனவுகள் மிகுந்த தூக்கத்தில் கண்கள் வேகமாக அசையும். இதைச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1953ல் வெளியிட்டனர். பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் 2006ல் வெளியிட்ட ஆய்வில், நடுத்தர வயதினரிடம் ஆழ்ந்த தூக்கம் குறைந்திருந்தது. அதே வயதில் விபாசனா தியானம் பழகியவர்களிடம் அது அவ்வளவாகக் குறையவில்லை. அலைகளை அளந்ததால்தான் இது தெரிய வந்தது.

குறட்டைக்கு வருவோம். தூக்கத்தில் மூச்சு 10 வினாடிக்கு மேல் நின்றால் அதை 'ஆப்னியா' என்பார்கள். மூச்சு நிற்பதும் குறைவதும் சேர்ந்து மணிக்கு 5 முறைக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். 30 முறையைத் தாண்டினால் கடுமையானது. ஒவ்வொரு முறையும் மூளை லேசாக விழித்துக் கொள்வதால் தூக்கம் துண்டு துண்டாகிறது. காலையில் அவருக்கு அது நினைவிருக்காது. ஆனால் பகலில் கவனமும் ஞாபகமும் குறையும். வண்டி ஓட்டுபவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. இதற்குச் சிகிச்சை இருக்கிறது. மூக்கு வழியாகக் காற்றழுத்தம் தந்து தொண்டையைத் திறந்து வைக்கும் 'சிபாப்' கருவியை ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981ல் அறிமுகம் செய்தார்.

வாட்ச் என்ன செய்கிறது? மணிக்கட்டின் அசைவையும் நாடித் துடிப்பையும் வைத்துத் தூக்கத்தை ஊகிக்கிறது. மூளை அலை அதற்குத் தெரியாது. எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எழுந்தீர்கள் என்று பார்க்க அது போதும். ஆழ்ந்த தூக்கம் எவ்வளவு என்று அது காட்டுவதைத் தோராயமாக மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள். குறட்டை நடுவில் நின்று, திணறலுடன் மீண்டும் தொடங்குகிறதா என்று வீட்டில் உள்ளவர்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். 'ஆம்' என்றால், வாட்ச் எத்தனை மார்க் போட்டாலும் டாக்டரிடம் போய்விடுங்கள்.