தோலைத் துருவும் முன்

ஆரஞ்சு கேக்கின் மணம் சாற்றிலிருந்து வருவதில்லை. தோலின் நிறமுள்ள மேற்பரப்பில் புள்ளி புள்ளியாகத் தெரிகிற எண்ணெய்ப் பைகளில்தான் அது இருக்கிறது. கேக் செய்து கைபழகியவர்கள் சாற்றைக் குறைத்தாலும் துருவலைக் குறைக்காதது அதனால்தான். ஆனால் தோட்டத்திலிருந்து கடைவரை அந்தப் பழத்தைக் கொண்டுவருகிறவர்கள் தோலை உணவாக நினைப்பதில்லை. உரித்துக் குப்பையில் போடுகிற பகுதி என்ற கணக்கில்தான் அதன்மேல் மெழுகும் மருந்தும் ஏறுகின்றன.

பறித்த பழத்தைக் கழுவும்போது அதன் இயற்கை மெழுகும் போய்விடும். ஈரம் வற்றித் தோல் சுருங்காமலிருக்கவும் பளபளப்புக்காகவும் செயற்கையாகப் பூசுகிறார்கள். நம் உணவுப் பாதுகாப்பு விதிகள் (2011) இதற்குத் தேன்மெழுகு, கார்னௌபா மெழுகு, அரக்கு மெழுகு ஆகியவற்றை அனுமதிக்கின்றன. கனிம எண்ணெயும் சாயமும் கூடாது. பூசியிருந்தால் எந்த மெழுகு என்று லேபிளில் சொல்லியாக வேண்டும். அனுமதித்த மெழுகால் உடம்புக்குப் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் அரக்கு ஒரு பூச்சியின் சுரப்பு. சைவம் பார்க்கிறவர்களுக்கு இந்த லேபிள் அவசியம். வண்டியில் கிலோ கணக்கில் அள்ளித் தரும் பழத்துக்கு லேபிளை எங்கே தேடுவது என்று கேட்டால், விதியின் ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக வருகிறதே, அது விஷம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்களை நம்ப வேண்டாம். சுரண்டிப் பார்த்தால் மெழுகு இருப்பது தெரியும், எந்த மெழுகு என்பது தெரியாது.

மெழுகைவிட யோசிக்க வேண்டியது பூஞ்சைக்கொல்லி. கப்பலில் வாரக்கணக்கில் பயணிக்கும் பழம் அழுகாமலிருக்க இமாசலில், தையாபென்டசோல் போன்றவற்றைப் பறித்த பிறகு இடுகிறார்கள். பல நேரங்களில் மெழுகோடே கலந்து பூசுவார்கள். எச்சத்துக்கான வரம்பை முழுப்பழத்தின் எடைக்குக் கணக்கிடுகிறார்கள். எச்சத்தில் பெரும்பங்கு தோலிலேயே தங்குவதால், வரம்புக்குள் இருக்கும் பழத்தின் துருவலிலும் அதன் செறிவு கூடுதலாக இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்படி மருந்திட்ட ஆரஞ்சு, எலுமிச்சைகளுக்கு அதை லேபிளில் சொல்வது கட்டாயம். ஜெர்மனியில் தோல் உண்ண உகந்ததல்ல என்றே பழப்பையில் அச்சிடுகிறார்கள். ஒரு பழத்துத் துருவல் பத்துத் துண்டு கேக்கில் பரவுவதால் பதற வேண்டியதில்லை. அதற்காக மாதம் முழுக்கத் துருவுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் கூடாது.

‘பிரீமியம்’ என்ற ஸ்டிக்கர் எதற்கும் உத்தரவாதமில்லை. இயற்கை விளைபொருள் என்று பாக்கெட்டில் எழுதியிருந்தால் ‘ஜைவிக் பாரத்’ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். என் தேர்வு இதைவிட எளிது. மணத்துக்கு எலுமிச்சையே போதுமென்றால், தெரிந்த தோட்டத்துக் காயோ, புளியங்குடி போன்ற பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் புதிதாக வந்திறங்கும் காயோ வாங்கலாம். பளபளக்கும் இறக்குமதிப் பழத்தைச் சாற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வாங்கியதைக் கழுவ, லிட்டர் தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கால்மணி நேரம் ஊறவையுங்கள். ஆப்பிளை வைத்து அமெரிக்காவில் 2017இல் வெளியான ஆய்வில், இந்த அளவுக் கரைசல் மேற்பரப்பிலிருந்த தையாபென்டசோலில் சுமார் 80 சதவீதத்தை நீக்கியது. தோலுக்குள் ஊறிய பங்கு மட்டும் போகவில்லை. பிறகு வெந்நீர் ஊற்றிப் பிரஷால் தேய்த்து, அலசி, துடைத்துவிட்டுத் துருவுங்கள். சோப்பு வேண்டாம். வெள்ளைப் பகுதி தெரிந்ததும் கையை நிறுத்திவிடுங்கள், அதற்குக் கீழே கசப்புதான்.

லேபிளில் மெழுகின் பெயரை மறைத்திருந்தாலோ, சாயம் கையில் ஒட்டினாலோ, பில்லையும் பழத்தையும் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் புகார் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பலருக்குத் தெரியாத இன்னொரு உரிமையும் உண்டு: 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு. பழம் வாங்கிய யாரும் கட்டணம் செலுத்தி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதித்து அறிக்கை பெறலாம், தவறு நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் சோதனைக்கு அனுப்பப்போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். அதைச் சொன்ன பிறகு அவர் எந்தப் பழத்தை எடுத்துத் தருவார் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்! மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஒரு கிலோ ஆரஞ்சுக்காக அந்தப் படியேறுவதைவிட, உணவுப் பாதுகாப்பு அலுவலரைக் கடைக்கு வரவைப்பதே பலன் தரும்.

துருவும்போது இன்னொரு ஆபத்தும் உண்டு. எலுமிச்சைத் தோலின் சாறு கையிலிருக்க வெயிலில் நின்றால், ஓரிரு நாளில் தோல் சிவந்து கொப்புளம் வரலாம், கறுத்த தழும்பு வாரக்கணக்கில் நிற்கும். எலுமிச்சைத் தோலிலுள்ள ஃபியூரனோகூமரின் என்ற வேதிப்பொருள்களும் வெயிலின் புற ஊதாக் கதிரும் சேர்ந்து செய்யும் வேலை இது. மொட்டை மாடியில் உட்கார்ந்து துருவாதீர்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

வீட்டில் செய்து விற்கிறவர்களுக்கு: உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு உங்களுக்கும் கட்டாயம். துருவலுக்கு எந்தப் பழம், மெழுகு பூசியதா என்று வாடிக்கையாளர் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பழம் வாங்கிய பில்லை எடுத்துவையுங்கள்.