கட்டளை வரியில் இடைவெளியும் மேற்கோள் குறியும்

கணிப்பொறிக்கு எழுத்தின் வாயிலாக ஆணையிடும்போது, தட்டச்சிடப்படும் வரி நேராக உரிய நிரலைச் சென்றடைவதில்லை. ஷெல் எனப்படும் இடைநிலை நிரலொன்று அதனை முதலில் படித்துச் சொற்களாகப் பிரிக்கின்றது. 1971-ஆம் ஆண்டில் யூனிக்ஸுடன் வெளிவந்த கென் தாம்ஸனின் ஷெல் முதல், 1989-இல் தோன்றிய பாஷ் வரையில் இவ்வடிப்படை மாறவில்லை.

சொற்களைப் பிரிக்கும் அடையாளம் இடைவெளியே ஆகும். முதற் சொல் நிரலின் பெயர். ஏனையவை அதற்கு அளிக்கப்படும் உள்ளீடுகள். சிறு கோட்டுடன் தொடங்குவது தெரிவுக் குறி. சில தெரிவுக் குறிகள் தம்மை அடுத்து வரும் ஒரே ஒரு சொல்லைத் தம் மதிப்பாக ஏற்கும்.

உதாரணமாக, மடல் அனுப்பும் 'மெயில்' நிரலில் '-எஸ்' என்னும் குறியை அடுத்து வரும் சொல் மடலின் தலைப்பாகும். மெயில் -எஸ் நாளைய கூட்டம் ராமன் என்று எழுதினால், தலைப்பு 'நாளைய' என்பதோடு முடிந்துவிடும். 'கூட்டம்' என்பது ராமனைப் போலவே மடலைப் பெறுவோர் ஒருவரின் பெயராகக் கொள்ளப்படும். மெயில் -எஸ் "நாளைய கூட்டம்" ராமன் என்று எழுதினால், தலைப்பு முழுவதும் ஒரே சொல்லாக நிற்கும். மேற்கோள் குறிகளை ஷெல்லே அகற்றிவிடுகின்றது. நிரல் அவற்றைக் காண்பதில்லை.

ஒற்றை மேற்கோளுக்குள் எல்லா எழுத்தும் உள்ளவாறே கொள்ளப்படும். இரட்டை மேற்கோளுக்குள் டாலர் குறியுடன் வரும் மாறியின் மதிப்பு இடப்படும். ஆயினும் அம்மதிப்பிலுள்ள இடைவெளி சொல்லைப் பிளக்காது. மேற்கோளின்றி எழுதப்படின், பாஷ் போன்றவற்றில் அது பிளந்துவிடும்.

இதனால் நேரும் கேடு சிறிதன்று. 2011-இல் லினக்ஸுக்குரிய 'பம்பிள்பீ' என்னும் மென்பொருளை நிறுவும் ஆணைத் தொடரில், நீக்க வேண்டிய பாதையின் நடுவே, 'யூ.எஸ்.ஆர்.' என்பதை அடுத்து ஓர் இடைவெளி புகுந்துவிட்டது. ஒரு சிறு பகுதியை நீக்க எழுந்த ஆணை, இரு பாதைகளை நீக்கும் ஆணையாயிற்று. அவற்றுள் முதலாவது, அமைப்பின் பெரும்பாலான நிரல்கள் உறையும் 'யூ.எஸ்.ஆர்.' முழுவதுமாகும். அப்பாதை மேற்கோளுக்குள் இருந்திருப்பின், அப்பெயருடைய பாதையே இல்லாமையால் எதுவும் அழிந்திராது.

மேற்கோளால் தீராத இடர் ஒன்றும் உண்டு. கோப்பின் பெயரே சிறு கோட்டுடன் தொடங்கின், மேற்கோளுக்குள் இட்டாலும் நிரல் அதனைத் தெரிவுக் குறியென்றே கருதும். அதற்கு முன் இரு சிறு கோடுகளைத் தனிச் சொல்லாக இடின், தெரிவுக் குறிகள் முடிந்தன என்பதைப் பெரும்பாலான நிரல்கள் உணர்ந்துகொள்ளும். ஆகவே, நீக்கும் ஆணைகளை எழுதுவோர் பெயர்களையும் மாறிகளையும் மேற்கோளுக்குள் அடக்குதலையும், அவற்றுக்கு முன் இவ்விரு கோடுகளை இடுதலையும் வழக்கமாகக் கொள்வது நலம்.