வெயில் ஏறினால் ஈரமும் ஏறுமா? சென்சாரைச் சரிபார்க்க ஒரு வாளி மண் போதும்

சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மண் ஈரப்பத சென்சார் பொருத்தியுள்ள விவசாயிகள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். காலை 6 மணிக்கு 22 சதவீதம் காட்டும் கருவி, தண்ணீர் பாய்ச்சாமல், மழையும் பெய்யாமல், பிற்பகல் 3 மணிக்கு 24 சதவீதம் காட்டும். வெயிலில் ஈரம் குறையுமே தவிர, கூட வழியில்லை. இது வெப்பத்தால் வரும் பிழை. தானியங்கி மோட்டார் இந்த எண்ணை நம்பினால், பூவும் பிஞ்சுமாக நிற்கும் பயிர் வாடினாலும் ஓடாது.

காரணம் என்ன?

பரவலாக விற்கப்படும் கெபாசிட்டன்ஸ் வகை சென்சார், தண்ணீரை நேரடியாக அளப்பதில்லை. மண்ணின் மின் தன்மையை அளந்து ஈரத்தைக் கணக்கிடுகிறது. மண் சூடாகும்போது தண்ணீரின் மின் தன்மை மாறும். மண்நீரில் கரைந்துள்ள உப்புகளின் மின்கடத்தும் திறனும் ஒரு டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் கூடும். கருவியின் மின்னணுப் பகுதியும் சூட்டில் சற்று மாறும். களிமண், உவர் நிலங்களில் அளவு பெரும்பாலும் கூடுதலாகக் காட்டும். மணற்பாங்கான நிலத்தில் குறைத்தும் காட்டலாம். எனவே பக்கத்துத் தோட்டத்தின் திருத்த எண் உங்களுக்குப் பொருந்தாது.

சரிபார்க்கும் முறை

வழக்கமாக நீங்கள் பாசனத்தைத் தொடங்கும் ஈர நிலையில் உள்ள வயல் மண்ணை எடுத்து, கட்டிகளை உடைத்துச் சீராகக் கலக்கவும். பிளாஸ்டிக் வாளியில் இறுக்கமாக நிரப்பவும். இரும்பு வாளி கூடாது. சென்சாரை இடைவெளியின்றிச் செருகி, அருகில் அதே ஆழத்தில் மண் வெப்பமானியை வைக்கவும். ஈரம் ஆவியாகாதபடி பாலித்தீன் தாளால் மூடிக் கட்டி, எடை போடவும்.

தகரக் கூரையுள்ள மோட்டார் அறையில் வாளியை வைத்து, விடியற்காலையிலும் பிற்பகலிலும் மண்ணின் வெப்பநிலை, சென்சார் அளவு இரண்டையும் 3 நாட்கள் குறிக்கவும். கடைசியில் மீண்டும் எடை போடவும். எடை குறையாவிட்டால் ஈரம் மாறவில்லை. மாறியது கருவியின் கணக்கு மட்டுமே.

கணக்கிடுவது எப்படி?

உதாரணமாக, 24 டிகிரி செல்சியஸில் 22.0, 36 டிகிரியில் 24.4 எனக் காட்டினால், 12 டிகிரிக்கு 2.4 கூடியுள்ளது. ஒரு டிகிரிக்கு 0.2. அடிப்படை வெப்பநிலையாக 25 டிகிரியை வைத்துக்கொள்ளுங்கள். வயல் மண் 35 டிகிரியில் இருக்கும்போது சென்சார் 25 காட்டினால், 10 டிகிரிக்கு 2 கழித்து 23 என எடுத்துக்கொள்ள வேண்டும். சூட்டில் அளவு குறையும் கருவிக்கு, கழிப்பதற்குப் பதில் கூட்ட வேண்டும். கட்டுப்பாட்டுக் கருவியில் வெப்பத் திருத்தம் பதியும் வசதி இருந்தால் இந்த எண்ணைப் பதிவு செய்யலாம்.

இதைச் செய்து முடிக்கும்வரை, விடியற்காலை அளவை மட்டும் நாளுக்கு நாள் ஒப்பிட்டுப் பாசனத்தை முடிவு செய்யுங்கள். சென்சாரை மேல்மண்ணில் வைக்காமல் வேர்ப் பகுதி ஆழத்தில் புதைத்து, மேலே மூடாக்கு இடுங்கள். மண்ணின் சூடு அதிகம் ஏறி இறங்காது, பிழையும் குறையும்.