ஒட்டுண்ணிப் பங்கசுவை இனங்காணல்

மாணவர்களே, அக்கரப்பத்தனைத் தேயிலை மலைகளில் மழைக்காலத்தில் இளம் இலைகளில் தோன்றும் கொப்புளங்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். இது எக்சோபசிடியம் வெக்சன்ஸ் எனும் பங்கசுவால் ஏற்படும் கொப்புள நோயாகும். இலங்கையில் 1946இல் இந்நோய் முதன்முதலாக அறியப்பட்டது. இப்பங்கசு இலையினுள் இழைகளாகப் பரவிக் கொழுந்தை அழிக்கிறது.

இதை மட்டும் மனத்திற் கொண்டு, "ஒட்டுண்ணிப் பங்கசுக்கள் யாவும் இழைகளாலானவை, விருந்துவழங்கியைக் கொல்பவை" என எழுதினால் புள்ளிகளை இழப்பீர்கள். பின்வரும் உதாரணத்தை நோக்குக.

ஸ்டிக்மற்றோமைசிஸ்

நீர்நிலைகளின் சேற்றோரங்களில் சில மில்லிமீற்றர் நீளமான கரை ஈக்கள் வாழ்கின்றன. இவற்றின் உடலின் மீது வாழும் பங்கசுச் சாதிகளுள் ஒன்று ஸ்டிக்மற்றோமைசிஸ் ஆகும். இது அஸ்கோமைக்கோற்றாவைச் சேர்ந்த லபுல்பேனியாலேஸ் எனும் வருணத்துக்குரியது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் றோலண்ட் தாக்ஸ்டர் இவ்வருணத்தை ஆராய்ந்து 1896 முதல் 1931 வரை ஐந்து பாகங்களாக நூல் வெளியிட்டார்.

இனங்காணும் படிகள்

1. முதலில் ஈயின் இனத்தை அறிக. ஒவ்வொரு பங்கசு இனமும் பெரும்பாலும் ஓர் இன ஈயிலோ நெருங்கிய சில இனங்களிலோ மட்டுமே வாழும்.
2. அது ஈயின் எப்பகுதியில் ஒட்டியுள்ளது எனக் குறிக்க. கைவில்லையில் இது ஈயின் மயிர் அல்லது தூசு போலத் தோன்றும், ஏமாறாதீர்கள்.
3. மெதுவாகப் பிரித்துக் கண்ணாடி வழுக்கியிலிட்டு, கூட்டு நுணுக்குக்காட்டியில் நோக்குக. இழைவலை இராது. குறிப்பிட்ட ஒழுங்கில் அமைந்த சில கலங்களாலான உடலே காணப்படும்.
4. மூன்று பகுதிகளைத் தேடுக: ஈயின் புறவன்கூட்டில் பதிந்த கரிய பாதம், ஆண் கலங்களைத் தோற்றுவிக்கும் தூக்கம், வித்திகள் உண்டாகும் குடுவை வடிவான பெரிதீசியம். பெரிதீசியத்தின் கழுத்து வடிவம் இனங்களைப் பிரித்தறிய உதவும்.

ஏன் கொல்வதில்லை?

இதன் வித்திகள் பெரும்பாலும் ஈக்கள் ஒன்றையொன்று தொடும்போது, சிறப்பாகப் புணர்ச்சியின்போது, கடத்தப்படுகின்றன. உயிருள்ள ஈயிலேயே இப்பங்கசு வளரும். ஆகவே ஈ இறப்பின் இதன் வாழ்விடமும் இல்லாதொழியும்.

நினைவிற் கொள்க: ஒட்டுண்ணி என்பதற்கு அடிப்படை, விருந்துவழங்கியிலிருந்து உணவு பெறுதலே, அதனைக் கொல்லுதல் அன்று.

பயிற்சி வினா: தேயிலைக் கொப்புள நோய்ப் பங்கசுவுக்கும் ஸ்டிக்மற்றோமைசிசுக்கும் இடையிலான இரு வேறுபாடுகள் தருக.

விடை: (அ) முன்னையது இழைகளாலானது, பின்னையது இழைவலை அற்றது. (ஆ) முன்னையது இலையின் இழையத்தினுள் பரவும். பின்னையது ஈயின் புறவன்கூட்டின் மீது வாழும்.