உங்களுக்குத் தெரியுமா? ஸ்கேன் மெஷினின் முதல் ‘டக் டக்’ படத்துக்கு அல்ல!

எம்.ஆர்.ஐ. மெஷின் உடம்பிலுள்ள ஐதரசன் கருக்களின் காந்தத்தை வானொலி அலைத் துடிப்பால் சாய்த்து, எழும் சமிக்ஞையைப் படமாக்குகிறது. மூளையில் சாய்ந்த காந்தம் முழுதாக மீள ஏறக்குறைய 5 செக்கன் பிடிக்கும். துரித ஸ்கேனிலோ 10 மில்லிசெக்கனுக்கு ஒரு துடிப்பு!

■ ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பீலிக்குக் கீழே ஓட்டை வாளியை வைத்தால், வரத்தும் ஒழுக்கும் சமமாகும் மட்டத்தில் தண்ணீர் நிற்கும். அதுபோல, துடிப்பில் இழக்கும் காந்தமும் இடைவெளியில் மீள்வதும் சமமானால் அது ‘நிலைத்த நிலை’.

■ அதை எட்டும்வரை சமிக்ஞை துடிப்புக்குத் துடிப்பு மாறிப் படத்தைக் கெடுக்கும். எனவே பல ஸ்கேன்களில் தொடக்கத் துடிப்புகள் படத்தில் சேர்க்கப்படுவதில்லை. சத்தம் மட்டும் காதில் விழும்.

■ 10 மில்லிசெக்கனுக்கு ஒரு துடிப்பு என்ற வேகத்தில் 90 பாகை சாய்த்தால் கிடைப்பது முழுச் சமிக்ஞையில் சுமார் 1 சதவீதம். 8 பாகை மட்டும் சாய்த்தால் சுமார் 7 சதவீதம்! இந்தக் கோணக் கணக்கு, 1991இல் இரசாயனவியல் நோபல் பரிசு பெற்ற சுவிஸ் நாட்டவர் ரிச்சர்ட் ஏர்ன்ஸ்டின் பெயரால் வழங்குகிறது.

■ 1985இல் ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரில் உருவான ‘ஃபிளாஷ்’ முறை, இந்தச் சிறு சாய்வை வைத்தே நிமிடக்கணக்கான ஸ்கேனைச் செக்கன் கணக்குக்குக் குறைத்தது.